பெருமாயி மகள் படம் பேப்பரில் வந்த கதை

பெருமாயிக்குப் பேப்பர்காரர்களைக் கண்டாலே ஆகாது. மழை பொய்த்துக் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த 2003-ஆம் வருஷம், கோவில்பட்டியிலிருந்து மோட்டார் பைக்கில் வந்த ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "ஆடுகளோட அப்படியே நில்லுங்கம்மா, சிரிக்காம நில்லுங்க" என்றான். அவள் சிரித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆட்டை மட்டும் எடுத்துக்கோ தம்பி. அதுகளுக்குப் பேரு கெடையாது. மாத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆயிராது."

கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு அவன் போய்விட்டான். அவளுக்குக் கிறுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது தெரிந்தவர்கள் யாரும் அவளைக் கிறுக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகிற ரோட்டோரம் அவள் ஊர். புருஷன் பாம்பு கடித்துச் செத்தபோது மகள் உமாதேவிக்கு ஆறு வயது. பத்துப் பன்னிரண்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டும், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிக்கொண்டும் பெருமாயி அவளை வளர்த்தாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. வாத்தியார் இரண்டு தடவை வீடு தேடி வந்து, நல்லாப் படிக்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லாப் படிக்கிற பிள்ளைதான், யார் இல்லை என்றது? மறு மாதம் உமாதேவி கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மகள் ஆபீசுக்குப் போகிறாள் என்று சொல்லிக்கொள்ளக் கௌரவமாகத்தான் இருக்கும். அங்கே போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது கழுகுமலைத் திருவிழாவில் எபநேசர் ஸ்டூடியோவுக்குள் தாயும் மகளும் நுழைந்தார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் போட்டுக்கொள்வதற்கென்று எபநேசர் ஆணியில் சில உருப்படிகள் தொங்கவிட்டிருப்பார். ஒரு கோட்டு, ஒரு கூலிங் கிளாஸ், பட்டம் வாங்குகிறவர்கள் போடுகிற கறுப்பு அங்கி, அதற்குத் தட்டைத் தொப்பி, கையில் பிடிக்க ரிப்பன் கட்டிய சுருட்டிய தாள். உமாதேவி நேராகப் போய்க் கறுப்பு அங்கியை எடுத்தாள்.

"ஏட்டி, இது எதுக்கு ஒனக்கு?"

"சும்மா இரும்மா. ஒரு நிமிசத்துல காலேசை முடிச்சுக்கிடுதேன்."

எபநேசர்கூடச் சிரித்துவிட்டார். படத்தில் உமாதேவி அப்படி இருந்தாள், கண்ணுபட்டுவிடும்போல. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே படம் அதுதான்.

1998 மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து உமாதேவி ஏறிய டவுன் பஸ்ஸில் எதிரே வந்த லாரி மோதித் தீப்பிடித்தது. ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஆறு பேர் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். இரண்டு பேர் பருத்தி வியாபாரத்துக்குப் போய்வந்த கிழவர்கள். ஒன்பதாவது ஆள் இந்துஜா. கோவில்பட்டியில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் மகள், என்ஜினியரிங் படிக்கிறவள், கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்பியவள். அந்தப் பிள்ளை மேல் என்ன குற்றம்? அதுவும் அதே தீயில்தான் வெந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் டீக்கடைச் செல்லத்துரை பேப்பரை உரக்கப் படித்தார். 'கல்லூரி மாணவி உட்பட 9 பேர் கருகிச் சாவு.' பெருமாயிக்குப் படிக்கத் தெரியாது. அப்போது அவள் அங்கே இல்லவும் இல்லை. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், கரிந்துபோன ஒரு தூக்குவாளியில் வெட்டியிருந்த பெயரைக் காட்டி, இது உன் மகளா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்துக் கொடுத்தார்கள். பிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரில் பாடையைத் தூக்குவதற்கு முன்னால், 'மொகம் பாக்கிறவிய பாத்துக்கிடுங்க' என்று குரல் கொடுப்பது வழக்கம். சண்டைபோட்டுப் பேசாமலிருந்தவர்கள்கூட அந்தக் குரலுக்கு வந்து ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. சுற்றிய துணிக்குள் பார்க்க முகம் இல்லை. கூட்டம் கும்பலாக நின்றது, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெருமாயிக்கு அதுதான் நெஞ்சில் நின்றது. மகள் செத்ததைக்கூட விதி என்று அழுது தீர்த்துவிடுவாள். பத்தொன்பது வருஷம் வளர்த்த முகத்தை ஒருவருக்கும் காட்டாமல் மண்ணுக்குள் அனுப்பினோமே என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பேப்பரில் படம் வந்தால் ஊர் பார்க்கும், புதூர்ப் பக்கத்துச் சொந்தம் பார்க்கும். சுவரிலிருந்த படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து மடியில் வைத்துக்கொண்டு புதன்கிழமை கோவில்பட்டிக்குப் போனாள்.

பேப்பர் நிருபர் கார்த்திகேசனை இந்துஜா வீட்டு வாசலில்தான் பிடிக்க முடிந்தது. தெரு முழுக்கக் கார். மந்திரி வந்துவிட்டுப் போயிருந்தார். பெருமாயி வீட்டுக்கும் ஆள் வராமல் இல்லை. தலையாரி வந்து, ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான்.

"தம்பி, எம் மவ மொகத்தை யாரும் பாக்கல. ஒரு ஓரமாப் போட்டாலும் போதும்யா."

"ஒம்பது பேருக்கும் எடம் கெடைக்காதுக்கா." அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். "காலேஜா?"

"இல்ல தம்பி. தீப்பெட்டி ஆபீசு. சும்மா ஆசைக்கு எடுத்தது."

"சரி, அனுப்பிப் பாக்குதேன். சொல்ல முடியாது."

அப்போதெல்லாம் படத்தைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். கார்த்திகேசன் கவருக்குள் செய்தி எழுதிய தாளோடு இரண்டு படங்களை வைத்தான். பஸ் புறப்படுகிற அவசரம், படங்களுக்குப் பின்னால் பெயர் எழுதவில்லை. இந்துஜாவின் அப்பா கொடுத்தது கடைசியாக எடுத்த பொங்கல் படம். பாவாடை தாவணியில், பொங்கல் பானை பக்கத்தில் குத்தவைத்து, நெற்றியில் வியர்வையோடு அந்தப் பிள்ளை இருந்தது. மதுரையில் கவரைப் பிரித்தவர் இரண்டையும் பார்த்தார். ஒன்று பானைக்கு முன்னால், இன்னொன்று பட்டம் வாங்குகிற அங்கியில். எது கல்லூரி மாணவி என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு படத்துக்கு எப்படியும் இடமில்லை, அதை ஓரமாக வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை செல்லத்துரை கடைக்கு முன்னால் பேப்பர் கட்டுப் பிரிந்ததும், "யத்தே, உமாதேவி படம்!" என்று ஒருத்தி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பெருமாயி தலைவிரிகோலமாக ஓடினாள். முதல் பக்கத்தில், மேலே, ஒரு சாண் அகலத்துக்கு உமாதேவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெருமாயி பேப்பரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "பாருங்க! எம் மவ மொகத்தைப் பாக்கிறவிய எல்லாரும் பாத்துக்கிடுங்க!" ஊர் கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை அழாத அழுகையை எல்லாரும் அன்றைக்கு அழுதார்கள். அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறிவிட்டது என்றே சொல்லலாம்.

"கீழ என்ன போட்டுருக்கு அண்ணாச்சி? படிங்க."

செல்லத்துரை பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது வேறு வழியில்லாமல் படித்தார். "'சிரித்த முகமும் சுறுசுறுப்புமாக வளையவந்த அழகு மாணவி இந்துஜா. கண்டவர் நெஞ்சை உருக்கும் சோகம்.'"

"எம் மவ பேரு?"

அவர் விரலால் தேடினார். படத்துக்குக் கீழே, வெகுதூரம் தள்ளி, இறந்த மற்றவர்களின் பட்டியலில், எள்ளைப் பரப்பியதுபோல எழுத்துகள். அதில் ஐந்தாவதாக உமாதேவி, 19.

மறுநாள் பேப்பரில் இந்துஜாவின் சரியான படம் வந்தது. அதுவும் ஒரு சாண் அகலம். பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு வருத்தம். செல்லத்துரை படித்தார்: "'நேற்றைய இதழில் மாணவி இந்துஜாவின் படத்துக்குப் பதிலாக வேறொரு பெண்ணின் படம் தவறுதலாக வெளியாகிவிட்டது. அவரது குடும்பத்தாரின் மனம் புண்பட்டிருப்பதால் வருந்துகிறோம்.'"

"வேறொரு பொண்ணுன்னா?"

"நம்ம உமாதேவிதான் தாயி."

"பேரு போட்டுருக்கா?"

"பேரு இல்ல."

யார் குடும்பத்தார் மனம் புண்பட்டது என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை திரும்பவும் கோவில்பட்டிக்குப் போனாள். மதுரையிலிருந்து வாங்கிய வசவில் கார்த்திகேசன் முகம் கறுத்திருந்தது.

"ஓங்களால எனக்கு வேலையே போயிருக்கும்க்கா. தீப்பெட்டி ஆபீசுப் பிள்ளைக்கு என்னத்துக்குக்கா பட்டம் வாங்குற கவுனு?"

"எம் பேருல தப்புன்னே இருக்கட்டும் தம்பி. மறுபடி ஒரு தடவை, அவ பேரோட போட்டுருங்க."

"ஒரு தடவை வந்த படத்தை மறுபடி போட மாட்டாவ. அஞ்சு நாள் ஆச்சு, செய்தியும் ஆறிப்போச்சு."

"அப்போ எம் படத்தையாவது குடுங்க."

அது மதுரையில் எங்கோ தொலைந்துவிட்டது. எபநேசரிடம் ஓடினாள். அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நெகட்டிவ் வைத்துக்கொள்வதில்லை. தலையில் கைவைத்துக்கொண்டார், பாவம், நல்ல மனுஷன். ஆக, உமாதேவி முகம் இனி இந்துஜா பெயர் போட்ட பேப்பரில் மட்டும்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்தினம் பெருமாயி அந்தப் பேப்பரை எடுத்துத் தரையில் விரித்தாள். செல்லத்துரையைக் கூப்பிட்டு, மகள் பெயர் எது என்று விரல்வைத்துக் காட்டச் சொன்னாள். படத்தை வெட்டினாள், கீழேயிருந்த பெயரை வெட்டி எறிந்தாள். பிறகு பட்டியலிலிருந்து அந்த எள்ளு எழுத்தை வெட்டி எடுத்து, கூடு ஒட்டுகிற பசையைத் தொட்டுப் படத்துக்கு அடியில் ஒட்டினாள். லட்சம் தீப்பெட்டி ஒட்டிய கை. ஒரு மயிரிழை கோணவில்லை. பேப்பர்காரன் செய்யாததை அவளே செய்துவிட்டாள்.

காரியத்தன்று படத்தை நடுவீட்டில் சுவரோடு சாய்த்து, பூப்போட்டு வைத்திருந்தாள். புதூர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய தம்பி பெண்டாட்டி சொர்ணத்தாய் வந்தாள். உமாதேவியைச் சடங்கு வீட்டில் பார்த்தது, அதற்குப் பிறகு பார்த்ததில்லை. படத்தைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அரை நாழிகை அழுதாள். பெருமாயிக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. ஒருத்தியாவது மகள் முகத்தைப் பார்த்து, மகளுக்காக அழுகிறாளே.

சொர்ணத்தாய் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "பேப்பருல பாத்தேன் மதினி. நாலு நாளாத் தூங்கல. பாவிமட்ட தீ, இப்பேர்ப்பட்ட அழகையுமா திங்கும்? படிச்ச பிள்ளை, எம்புட்டுக் கனவு கண்டுருக்கும்! அவளைப் பெத்தவ எப்படித் தாங்குவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "சரி, நம்ம உமாதேவி படம் எங்க மதினி?"