இறுப்பிட்டிப் பெட்டிகளும் சிவனேசன் அண்ணையும்

சிவனேசன் அண்ணை எங்களைக் காட்டிக்கொடுத்தார். அவர் நெஞ்சடைத்து இறந்துபோனதால் அது இல்லாமற் போய்விடவில்லை.

செய்தியைச் சொன்னவர் என்னோடு வேலை செய்த கமலா அக்கா. "பிள்ளை, அண்ணை மோசம் போயிட்டார். செத்த வீட்டுக்குப் போவமே?" என்று தொலைபேசியில் கேட்டார். "போவம். ஆனா நான் அழமாட்டன்," என்றேன். "உன்னை ஆர் அழச் சொன்னது? பஸ்ஸுக்கு வா," என்றார். பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணையின் மனைவி என்னிடம் கேட்டார். நான் எழுதினால் இதையும் எழுதுவேன் என்றேன். "தெரியும். எழுதும்," என்றார்.

அண்ணையைத் தெரிந்தவர்களுக்கு அவரது வேலையும் தெரியும். ஊர்காவற்றுறையில் படகு கட்டும் பட்டறையில் எதை எப்போது செய்வது என்று திட்டமிட்டவர் அவர். அந்தப் படகுகளுக்கான ஐஸ் பெட்டிகளை நாங்கள் ஐந்து பெண்கள் இறுப்பிட்டியில் ஒரு கொட்டிலில் செய்தோம்.

திட்டமிடலுக்குப் புதிய மென்பொருள் வந்தபோது அதைக் காட்ட மடிக்கணினியோடு வந்தார். வந்தவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி இருந்துவிட்டார். "அண்ணை, அது இன்னும் காயேல்லை. எழும்பினால் காற்சட்டை இஞ்சதான் நிக்கும்," என்றார் கமலா அக்கா. சிரித்தபடி எழும்பி, நின்றுகொண்டே திரையிலிருந்த பட்டியலைக் காட்டி விளக்கினார். "மேல படகு. அதுக்குக் கீழ உங்கட பெட்டி. பெட்டிக்குக் கீழதான் நார்ப்பாய், பசை, குளிர் போகாமல் அடைக்கிற போம், மூடிக்குப் பூட்டுற பிணைச்சல் எல்லாம். படகுக்கு ஓடர் வந்தால் கொம்பியூட்டர் நேரா பிணைச்சலிட்டைப் போகாது. உங்களிட்டை நிண்டுதான் போகும்."

அப்படித்தான் நடந்தது. எத்தனை பெட்டி கையிருப்பில் இருக்கிறது என்று அது பார்க்கும். குறையும் எண்ணிக்கைக்கு எங்கள் பெயரில் ஓடர் போடும். பெட்டி காய்வதற்கான நாட்களையும் சேர்த்து, படகு முடியும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்றையும் அண்ணை அன்று சொன்னார். செய்த கையோடு அங்கேயே படகில் பொருத்திவிடும் துண்டுகளுக்குத் தனி ஓடர் வேண்டாம், அவற்றை மென்பொருள் தாண்டிப் போகலாம். செய்து அடுக்கி வைக்கும் பொருளை மட்டும் தாண்ட விடக் கூடாது.

பசையில் கலக்கும் மருந்து பட்டுக் கமலா அக்காவின் கை வெந்தபோது, அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அண்ணைதான். "கையுறை வராமல் நான் ஒரு ஓடரும் போடமாட்டன்," என்று முதலாளியிடம் சொன்னார். கையுறை வந்தது. அன்று அவருக்கு வாய் இருந்தது.

பிறகு ஒருநாள் எங்களுக்கு ஓடர் வருவது நின்றது. நார்ப்பாயும் பசையும் மட்டும் வந்துகொண்டிருந்தன. "படகு இறக்க ஆயத்தம், பெட்டி எங்கை?" என்று பட்டறையிலிருந்து ஏசினார்கள். எந்தப் படகு என்றே எங்களுக்குத் தெரியாது. நான் பஸ் எடுத்து ஊர்காவற்றுறைக்குப் போனேன்.

"ஏன் அண்ணை, எங்களைத் தாண்டிப் போக விட்டனீங்கள்?"

"முதலாளி கேட்டவர். ஓடர் குறைஞ்சால் பதியிற வேலையும் குறையும். கொம்பியூட்டரில ஒரு அடையாளம்தான் பிள்ளை மாத்தினது."

"பெட்டி என்ன இஞ்சையே செய்யிறது? இறுப்பிட்டியில இருந்து பாலத்தால லொறியில வருது."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனீங்கள்?"

"உமக்கு இதெல்லாம் விளங்காது," என்றார். எனக்கு நன்றாகவே விளங்கியது. இப்போது பிணைச்சலும் போமும் நேரடியாகப் படகின் தேவைகளாகிவிட்டன. பெட்டி என்று ஒரு பொருள் செய்யப்படுவதாகவே கணினிக்குத் தெரியாது. எங்கள் வேலைக்கு ஒரு நாள்கூடப் பிடிப்பதில்லை என்பது அதன் கணக்கு.

அடுத்து முதலாளி கூட்டம் வைத்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இறுப்பிட்டியின் பெயரில் ஓர் ஓடரும் இல்லை, ஒரு மணித்தியால வேலையும் இல்லை. "வேலை நடக்காத இடத்தை நான் ஏன் வச்சிருக்க வேணும்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். "நான் தாண்டச் சொன்னதாலதான் அப்பிடிக் காட்டுது" என்று அவர் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவர் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார்.

கொட்டில் பூட்டப்பட்டது. வேண்டுமானால் ஊர்காவற்றுறைக்கு வந்து அதே வேலையைச் செய்யுங்கள் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் திரும்பி வரப் பஸ் இல்லை. இரண்டு பேர் மட்டும் போனார்கள். கமலா அக்கா இன்று பிறர் வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்கிறார்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்று உண்டு. முடிந்த பொருள் எதைக் கண்டாலும் இடையில் யார் கை வைத்தார்கள் என்று தேடும் பழக்கம். அதைத் தந்தவர் அவர்தான், மறுக்கமாட்டேன்.

செத்த வீட்டில் முதலாளி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். நானும் கமலா அக்காவும் அவருக்கு முன்னால் போய் நின்றோம்.

"கொட்டிலைத் திறவுங்கோ," என்றேன். "பெட்டிக்கு அதின்ரை ஓடரைத் திரும்பப் போடுங்கோ. எங்கட வேலையை எங்கட பேரிலை காட்டுங்கோ."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "பிரேதத்தை எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்டார்.