இரண்டு முறை திரும்பிய சூரியன்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கும் என் அத்தை மகனுக்கும் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. அத்தானுக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை வேலை. லீவு கிடைத்ததே மார்கழியில்தான். கடை முதலாளி பொங்கலுக்கு ஊருக்கு வருவதால், கடையைப் பார்த்துக்கொள்ள அத்தான் தை பிறக்கும் முன்பே கப்பலேற வேண்டும். போனால் திரும்பி வர ரெண்டு வருஷம். மார்கழியில் யார் கல்யாணம் செய்வார்கள்? சூரியன் வடக்கே திரும்பி, தை பிறந்தால்தான் எங்கள் வீடுகளில் பந்தக்கால் நடுவார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கான்வென்ட் பள்ளியில் படித்த பூகோளம் நினைவுக்கு வந்தது. சூரியன் டிசம்பரிலேயே திரும்பிவிடுகிறது என்று அதில் போட்டிருந்தது. குளிர்நாட்டுக்காரர்கள் பகல் நீள்வதை வைத்தே கண்டுகொள்வார்களாம். எங்கள் தூத்துக்குடியில் மார்கழியிலும் உச்சிவெயில் மண்டையைப் பிளக்கும்; பகல் நீண்டதா குறைந்ததா என்று யார் பார்த்தார்கள்? ஆனால் கடல் இருக்கிறதே. தினமும் விடியலில் மொட்டைமாடி ஏறினேன். தெற்கே தள்ளித் தள்ளி உதித்த சூரியன், துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியின் கூரை ஓரத்தில் சில நாள் நின்றுவிட்டு, மெல்ல வடக்கே வரத் தொடங்கியது. அப்பாவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

“சூரியன் திரும்பிட்டுப்பா. இனி முகூர்த்தம் வைக்கலாம்லா?”

“சூரியன் திரும்புனா போதுமாளா? பஞ்சாங்கம் திரும்பாண்டாமா?”

அதற்குமேல் அவரிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வது. அம்மா வேறு, “கல்யாணத்துக்கு இப்படிப் பறக்குத பொண்ண நான் பாத்ததே இல்ல” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

இதற்குள் முதலாளி கொழும்பிலிருந்து வந்து இறங்கிவிட்டார். சொந்த ஊரான சாத்தான்குளத்துக்குப் போகும் வழியில் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அத்தானின் கப்பல் டிக்கெட்டைப் பற்றித்தான் பேச்சு. அடுக்களையில் நின்ற நான் அதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே போட்டேன். நேரே கூடத்துக்கு வந்து முதலாளியிடமே கேட்டுவிட்டேன்.

“பெரியப்பா, சூரியன் எப்பத் திரும்புது?”

“தை ஒண்ணுலதாம்மா. அதுல என்ன சந்தேகம்?”

“அதுக்கு முந்தி கல்யாணம் வைக்கலாமா?”

“மார்கழியிலயா? யாராவது வைப்பாவளா?”

“அப்பம் தை பொறக்கும் முன்னே அத்தானக் கப்பல் ஏத்துனா எப்படி?”

முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தம்பி, உம்ம மவ என்னைய மடக்கிட்டாளே! சரி, தையில தாலி கட்டிட்டே வரட்டும். கடைய என் மச்சான் பாத்துக்கிடுவான்.”

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்பா மட்டும் விடவில்லை. “நேத்து வரைக்கும் டிசம்பர்லயே திரும்பிட்டுன்னு சாதிச்சியேளா?”

“சூரியன் எப்ப வேணும்னாலும் திரும்பட்டும்பா. அத்தான் இப்பத் திரும்பிப் போகாம இருந்தாச் சரி.”

சொன்ன பிறகுதான் பார்த்தேன், முதலாளியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தான் வாசலில் நின்றிருந்தார். அதுவரை என்னை நிமிர்ந்துகூடப் பார்த்திராத மனுஷர், அன்றைக்குப் பெட்டியைக் கீழே வைக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.