கழுத்தில் தடவிய பவுடர்

என் அம்மாவின் விரல்களில் எப்போதும் ஸ்பிரிட் வாசனைதான் அடிக்கும். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைக் கட்டும் கூடத்தில் வயர்களை ஈயம் உருக்கி ஒட்டி, அதாவது 'சால்டரிங்' வைத்து, அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கிற வேலை அவளுக்கு. பொம்மனஹள்ளியில் 'ஆபீஸ் பஸ்' ஏறும்போது தலையில் பூ இருக்காது, கையில் வளையல் இருக்காது, பவுடரோ கூடவே கூடாது. "ஒரு தூசி உள்ள போனாலும் அவ்ளோதான், எல்லாம் போச்சு" என்று அவள் சொல்லாத நாளில்லை. எனக்கு அந்தச் செயற்கைக்கோள் மேல் அப்படியொரு எரிச்சல். என் ஒன்பதாவது வயதில், பள்ளி ஆண்டு விழாவுக்கு வராமல் "டூட்டி இருக்குடி" என்று அவள் கிளம்பிய காலையில், கட்டிப்பிடிப்பதுபோல் போய் அவள் பின்கழுத்தில் பவுடரைத் தடவிவிட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

சில மாதம் கழித்து, அந்தச் செயற்கைக்கோளைச் சுமந்து ராக்கெட் கிளம்புவதை டிவியில் பார்க்க எதிர் வீட்டுக் கன்னட ஆன்ட்டி கேசரிபாத்தோடு வந்திருந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ராக்கெட் நேராகத்தான் ஏறியது, நாங்கள் கைகூடத் தட்டினோம். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, புகைக்கோடு ஒருபக்கமாய் வளைந்து, தீப்பிடித்து, துண்டு துண்டாகக் கடல் பக்கம் சரிந்தது.

"ஐயோ, ஏனாயித்து? என்னாச்சு?" என்றார் ஆன்ட்டி. என் மணிக்கட்டில் அம்மாவின் பிடி இறுகிக்கொண்டே போனது. எனக்கு அந்தப் பவுடர்தான் ஞாபகம் வந்தது. இத்தனை பேர் உழைப்பையும் நான்தான் கடலில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவும் வேலைவிட்டு வந்தால் தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் உளறிக்கொட்டிவிட்டு, அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிப் பைத்தியமே! மூஞ்சி, கழுத்து எல்லாம் தேய்ச்சுக் கழுவாம எங்கள உள்ளயே விடமாட்டாங்கடி" என்றவள் சட்டென்று உடைந்து அழுதாள். "ராக்கெட் கோளாறுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் வெச்ச சால்டர்லதான் ஏதோ தப்போன்னு நான் செத்துட்டு இருக்கேன், நீ வேறயா?"

கோளாறு ராக்கெட்டில்தான் என்பது பிறகு உறுதியாயிற்று. "விழற வரைக்கும் நம்ம சாட்டிலைட் சிக்னல் குடுத்துட்டுதான் இருந்துச்சாம்" என்று அன்று வந்து சொன்னவள், அதன்பின் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். விரல்களில் அந்த வாசனையும் போய்விட்டது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நானே அவள் கழுத்தில் கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டியவள் அப்படியே திரும்பி உள்ளே போய், முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.