ரோசாப்பூத் தாளின் அடியில்

நேற்றுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடசாலை வேலைக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை வாசம் மூக்கில் ஏறியதும், கல்முனை பஜாரில் நான் வேலை பார்த்த கலியாணக் கார்டுக் கடை நினைவுக்கு வந்துவிட்டது. நான் கத்தரிக்கோல் பிடித்தால் நேர்கோடும் நெளியும். அதனால் முதலாளி என்னை ஓடர் எழுத வைத்தார். வெட்டுவதெல்லாம் என் கூட்டாளி ஜெஸீமா.

மிஞ்சும் துண்டுகளில் அவள் முகங்கள் செய்வாள். அடியில் கடும் மண்ணிறத் தாள், அதன் மேல் ஒவ்வொன்றாக வெளிறிய தாள்கள். நிழல் விழவேண்டிய இடத்தில் மேல்தாளை வெட்டி எடுத்துவிடுவாள். நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். முதலாளியின் முகம் பலாக்காயாக வந்தது. நல்லவேளை, அது அவர் கண்ணில் படவில்லை.

சுனாமிக்குப் பிறகு, கடலோரம் இருந்த ஆசியா மாமி ஜெஸீமாவைத் தேடி வந்தார். மகளும் போய், வீடும் போய், வீட்டோடு படங்களும் போயிருந்தன. மகளின் முகம் மறந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்; அதைத் தாளில் செய்து தரச் சொன்னார். நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஜெஸீமாவின் பக்கத்தில் உட்காருவார்.

"என்ட புள்ளைக்கு மூக்கு இவ்வளவு கூரில்ல, மகள். கன்னம் இன்னம் கொஞ்சம் வேணும்," என்பார் அவளிடம்.

மூக்கு மாறினால் எல்லாத் தாளும் மாறவேண்டும். ஜெஸீமா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வெட்டுவாள். ஒருநாள் மாமி ஒரு திருத்தமும் கேட்கவில்லை. படத்தைத் தடவிக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம்.

பிறகுதான் சிக்கல். மாமி தற்காலிகமாக இருந்த கொட்டிலில் ஒரே அறை. உருவப்படம் மாட்டிய இடத்தில் எப்படித் தொழுவது? பெட்டிக்குள் பூட்டிவைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

"அப்ப மூடிடுவம்," என்றாள் ஜெஸீமா. முகம் முழுக்க மறையும்படி, மேலே ரோசாப்பூத் தாளொன்றை வெட்டி ஒட்டினாள்.

"ஆருக்கும் சொல்லிடாதீங்க, புள்ளையள்," என்றார் மாமி. பார்ப்பவர்களுக்கு அது பூப்படம்.

இருவருமே இன்று இல்லை; மாமியும் மௌத்து, ஜெஸீமாவும் மௌத்து. கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் விற்கிறார்கள். போன மாதம் மாமியின் மகன் அர்ஷாத் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வழியில் போகும்போது கண்டு, அந்தப் படம் எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பூப்படமா, சாச்சி? கறையான் அரிச்சிட்டு. எரிச்சிட்டம்."

இனி யாருக்காக மறைப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடல் வந்தபோது அவன் கைக்குழந்தை; அக்காவின் முகம் அவனுக்குத் தெரியாது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"நீங்க பாத்தீங்க தானே, சாச்சி? என்ட ராத்தா எப்படி இருந்தா?"

அத்தனை நாளும் பக்கத்திலிருந்து பார்த்தவள்தான் நான். கண்ணை மூடி யோசித்தேன். அந்த முகம் வரவில்லை.

"வடிவா இருந்தா, மகன்," என்றேன்.