கரை வரும்முன் எழுந்தவர்கள்

படகில் போவதென்று நாங்கள் முடிவெடுத்தது ரயிலில். தினமும் காலையில் ஒரே பெட்டியில் வருகிற மூன்று பேர். லேத் பட்டறைக்காரர் வேப்பம்பட்டில் ஏறி, எனக்கும் சேர்த்துக் கைக்குட்டை போட்டு வைப்பார். திருநின்றவூரில் ஏறி அதன்மேல் நான் உட்காருவேன். ஆவடியில் ஏறுகிறவர் தென்காசிக்காரர். கம்ப்யூட்டர் வேலை, அடுக்குமாடி வீடு. அம்பத்தூர் தாண்டியதுமே மூவரும் எழுந்து பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவோம். நாங்கள் இறங்கும் பட்டரவாக்கத்தில் வண்டி அவ்வளவு நேரம் நிற்காது. உட்கார்ந்திருந்தவன் கொரட்டூரில்தான் இறங்க வேண்டும்.

"பழவேற்காடு பக்கம் ஆறு அசையாம கெடக்குமாம். துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை சும்மா மிதந்துட்டு வருவமா?" என்றார் தென்காசிக்காரர்.

லேத்காரர் முகம் சுருங்கியது. "நமக்கும் தண்ணிக்கும் ஆவாது மாமே. குளிக்கவே யோசிக்கிறவன் நானு."

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். "நான் கீறேன்ல? எனக்கு நீச்சல் தெரியும்," என்றேன். எனக்குத் தெரிந்த நீச்சல், மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் செருப்பைத் தேடியதுதான்.

லேத்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ன நம்பித்தான் வரேன். இன்னா?"

அன்றிலிருந்து கேப்டன் நானே. யார் எங்கே உட்காருவது, புளிச்சோற்றுத் தூக்கு எந்தப் பக்கம், எல்லாம் என் உத்தரவு. தென்காசிக்காரர் நிஜமாகவே ஆற்றில் நீந்தி வளர்ந்தவர். அதைச் சொல்ல அவர் இரண்டு முறை வாயெடுத்தார், நான் விட்டால்தானே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேத்காரரின் மனைவி போனில் பேசினார். "அண்ணா, நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன். பத்திரமா பாத்துக்கோங்க." பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்று கிடைத்தது, தொண்டையில் இறங்கவில்லை.

சனிக்கிழமை ரயிலில் மெதுவாகச் சொன்னேன். "மாமே, எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் லேத்காரர். "நீந்தத் தெரிஞ்சவன் சும்மா கீறான் பாரு, அதோ," என்று தென்காசிக்காரரைக் காட்டினார். "நீ ஒரு வாரமா கைய வீசி வீசிக் காமிச்சுகினு கீறே. எதிர் சீட்டு அம்மா மூஞ்சில ரெண்டு தபா பட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரேன்னே?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லலன்னா நாளைக்கு வந்திருக்க மாட்டேன். இப்ப வரேன். முழுகினா ஒண்ணா முழுகலாம்."

முழுகும்படியான ஆறு அதுவல்ல. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிட்ட படகுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: "நடுவுல யாரும் எந்திரிக்காதீங்க." துடுப்பு தென்காசிக்காரர் கையில். கேப்டன் பதவி போன நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொக்கு பறந்தது. லேத்காரர் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். காலை முழுக்க ஒருவரும் அசையவில்லை.

திரும்பி வரும்போது கரை கண்ணில் பட்டது. இன்னும் நாலு துடுப்புப் போட வேண்டிய தூரம். மூவரும் சொல்லி வைத்தாற்போல் எழுந்து, பையைத் தோளில் மாட்டினோம்.

அடுத்த நொடி படகு குப்புற, புளிச்சோறு மீனுக்கு. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு வாரம் ரயிலில் பழகிய அதே கை வீச்சோடு, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க," என்று அலறினேன். யாரோ என் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தால், தண்ணியே ஆகாத லேத்காரர் முட்டியளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"எழுந்து நில்லு மாமே," என்றார். "பட்டரவாக்கம் வந்துடுச்சு."