எதிர்ப்பொருளுக்கு ஒரு திருத்தம்

பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் என்ன வித்தியாசம் என்று மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் மைக் பிடித்துச் சொன்னதற்காக என் வேலை போகப் பார்த்தது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுக்குள்ளிருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட அவசரகாலத்தின் பிற்பகுதி அது. அரசாங்க ஒலிபெருக்கி வேனில் நான் தற்காலிகத் தமிழ் அறிவிப்பாளன். ரப்பர் பால் நிறுத்து முடிந்ததும் முள்கம்பி வேலிக்குள் ஆட்களைக் கூட்டி, "காட்டில் இருப்பவர்களே, சரணடையுங்கள்" என்று வாசிப்பேன். காட்டில் இருப்பவர்களைத் தவிர எல்லோரும் கேட்டார்கள். மிச்ச நேரத்துக்கு உலகச் செய்தி.

அன்றைக்கு வந்த தாளில் விஞ்ஞானிகள் புதிதாகக் கண்ட எதிர்ப்பொருள். நானும் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன்.

"ரெண்டுக்கும் ஒரே எடைதான். உள்ள இருக்கிற மின்சாரம் மட்டும் நேர் எதிர். இதுல ப்ளஸ்னா அதுல மைனஸ். பாத்தா வித்தியாசமே தெரியாதுலா!"

கூட்டத்திலிருந்து பால்மரம் வெட்டும் பச்சையம்மா எழுந்தார். அவருடைய மூத்த மகன் எஸ்டேட் கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். இளையவன் காட்டுக்குப் போய் இரண்டு வருடம். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

"ரெண்டும் மோதிக்கிட்டா எது தம்பி மிஞ்சும்?"

"ரெண்டுமே மிஞ்சாதும்மா. அழிஞ்சு வெறும் வெளிச்சமாயிடும்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டில் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

தமிழே தெரியாத எஸ்டேட் மேனேஜர், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்டுப் புகார் எழுதிவிட்டார். மறுநாள் மலாக்கா ஆபீசில் என் மேலதிகாரி தம்பிராசா, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன காணும், அரசாங்கமும் காட்டில இருக்கிறவங்களும் ஒரே எடை எண்டு சொன்னீராம்?"

"அணுவைப் பத்திச் சொன்னேன் சார்."

"அணுவெண்டாலும் எங்கட பக்கம்தான் வெல்லவேணும். அடுத்த கிழமை திருத்தம் வாசியும். பொருள் மிஞ்சும், எதிர்ப்பொருள் அழியும்."

"விஞ்ஞானம் அப்படி இல்லையே சார்."

"விஞ்ஞானமோ உம்மை நிரந்தரமாக்கப் போகுது?"

நியாயமான கேள்வி. அடுத்த வாரமே இயற்கையின் விதியைத் திருத்தி, கணீரென்று வாசித்தேன். மேனேஜர் கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் பச்சையம்மா வேன் கதவருகே வந்தார்.

"அப்ப எங்க சின்னவன் மட்டும்தான் சாவானா தம்பி?"

அவசர அவசரமாக ஓர் இசைத்தட்டைப் போட்டேன். அது கல்யாணப் பாட்டு.

அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மைக்கில் உண்மையைச் சொன்னால் மேலதிகாரிக்குப் பதில் சொன்னால் போதும். பொய்யைச் சொன்னால் பச்சையம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டு இத்தனை வருடமாக யோசிக்கிறேன், அந்தப் பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.