பால்சுறா வாங்கிய காலை

இன்று காலை பள்ளிமுனைக் கரைக்குப் பால்சுறா வாங்கப் போனேன். எனக்கு இது நிறைமாதம். சுறாவை இப்போதே காயவைத்து எடுத்துவைத்தால், பிள்ளை பிறந்ததும் சமைத்துச் சாப்பிடலாம், பால் நன்றாகச் சுரக்கும் என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் அக்காவுக்குப் பால் சுரக்கவில்லை. அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதனால் மாமியின் சொல்லை நான் தட்டவில்லை.

மீன் விற்கும் அந்தோனியம்மா சுறாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உன்ர மனுசன் எங்க?"

"அரிப்புக் கடலில. முத்துக்குளிக்கப் போயிட்டார்."

"அவன் அங்க சுறாவுக்கு நடுவில முழுகிறான். நீ இஞ்ச அதை வெட்டித் தின்னப் போறியோ?"

ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

விஷயத்தைக் கேட்டு மாமி சிரித்தார். "பயப்பிடாத பிள்ளை. வெள்ளைக்காரத் துரைமார் சம்பளம் குடுத்துக் கடல்கட்டி எண்டு ஒரு மந்திரக்காரரை வச்சிருக்கினம். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின்ர வாயைக் கட்டிப்போடுவார்."

சொல்லிவிட்டு உள்ளே போய், மகனுக்காக மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார்.

"உங்கட மகன் கரையேறும் வரைக்கும் நான் சுறாவைத் தொடமாட்டன், மாமி."

"அதுக்கு முந்திப் பிள்ளை பிறந்திட்டால்?"

மாமியே சுறாவை வெட்டி உப்புப் போட்டார்.

சுறா இப்போது முற்றத்தில் காய்கிறது. காகம் வந்தால் துரத்துவதா, கொண்டுபோகட்டும் என்று விடுவதா என்றுகூடத் தெரியவில்லை.

பிள்ளை பெற்றவர்கள் எதைச் சாப்பிட்டுப் பால் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கோ. கடலில் இருந்து வராத எதுவென்றாலும் சரி.